பூட்டிய இன்ஜினும் திறந்த இன்ஜினும்: திண்டுக்கல்லிலிருந்து செட்டிபாளையத்துக்கு ஒரு பந்தயப் பயணம்

நாகல் நகர் டீக்கடைக்காரர் முதல் பால் பாக்கெட்டைப் பிரிக்கும்போது மணி நான்கு. மலைக்கோட்டை இன்னும் இருட்டுக்குள்ளேயே இருந்தது. ஒன்றிரண்டு லாரிகள் மட்டும் உறுமியபடி பைபாஸ் பக்கம் நகர்ந்தன. கடை ஓரம் நின்ற வெள்ளை மாருதி 800-ன் பானெட்டைத் தூக்கி, ஆயில் கம்பியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி செருகிப் பார்த்தார் மெக்கானிக். ஐம்பதைத் தாண்டியவர், பட்டறை வைத்து முப்பது வருடம் ஆகிறது. கூட வந்தவன் அவருடைய அக்கா மகன். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிறான்.

"மாமா, இந்த வண்டியிலயா கோயம்புத்தூர் வரைக்கும்?"

"இதுல இருக்குற இன்ஜின வச்சுத்தான் மாப்ளே நம்ம பக்கத்துப் பசங்க ரேஸே கத்துக்கிட்டாங்க. ஏறு."

மாமா சொன்னதில் மிகை இல்லை. இருவரும் கிளம்பியது கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்கு. ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாக ஏறத்தாழ 150 கி.மீ. தூரம். பையனுக்குக் கார் பந்தயம் பார்க்க ஆசை. மாமாவுக்கு வேறொரு கணக்கு இருந்தது. ஜப்பான், ஜெர்மனி, கொரியா என்று வெளிநாட்டுக் கார்கள் ஊர் முழுக்க ஓடுகின்றன. அவையெல்லாம் பந்தயத்துக்குள் வந்தபோது உள்ளூர்க்காரனுக்கு என்ன கிடைத்தது என்று நேரில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் எண்ணம்.

வெளியிலிருந்து சரக்கு வந்தால் உள்ளூர்க் கைகள் என்ன ஆகும் என்ற கேள்வி திண்டுக்கல்லுக்குப் புதிதல்ல. மாமாவின் அப்பா பூட்டுத் தொழிலாளி. தகட்டை வெட்டி, லீவர்களை ஒவ்வொன்றாக அரத்தால் ராவி, சாவியின் பல்லோடு பொருத்திப் பார்த்துப் பார்த்து ஒரு பூட்டை முடிப்பார். அந்த அரத்தின் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர் மாமா. பிறகு வடக்கே அலிகாரிலிருந்து இயந்திரத்தில் செய்த பூட்டுகள் குறைந்த விலைக்கு வந்து இறங்கின. பட்டறைகள் குறைந்தன. திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-ல். அதற்குள் மாமாவின் தெருவில் பல வீட்டுப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள். மாமா அரத்தை விட்டு ஸ்பேனரை எடுத்ததும் அப்படித்தான்.

ரெட்டியார்சத்திரம் தாண்டும்போது கிழக்கே வெளுத்தது. சாலையின் இருபுறமும் தென்னையும் சோளக்காடும் மெல்லத் துலங்கின. தெற்கே கொடைக்கானல் மலை நீலக் கோடாக எழுந்தது. சமவெளியில் நேராக நீளும் இந்தச் சாலையில் கார் சீராக ஓடத் தொடங்கியதும் பேச்சு அமெரிக்காவுக்குப் போனது.

அங்கே 'ஸ்டாக் கார்' பந்தயம் என்று ஒன்று உண்டு. பெயரில் மர்மம் எதுவும் இல்லை. ஷோரூமில் ஸ்டாக் இருக்கும் காரை அப்படியே எடுத்து வந்து ஓட்டுவது என்பதுதான் அதன் தொடக்கம். அந்த நாட்டின் தென் மாநிலங்களில் கள்ளச் சாராயம் கடத்தியவர்கள், போலீஸ் துரத்தினால் தப்பிக்கும்படி சாதாரணக் கார்களை ரகசியமாக முடுக்கி வைத்திருந்தார்கள். யார் வண்டி வேகம் என்ற போட்டி அவர்களுக்குள் எழுந்தது. ஒழுங்கில்லாமல் நடந்த அந்தப் பந்தயங்களுக்கு ஒரு சட்டதிட்டம் வகுத்தவர் பில் ஃபிரான்ஸ். அவரும் மெக்கானிக்தான். டேடோனா பீச் நகரில் 1948-ல் அவர் தொடங்கிய அமைப்பே நாஸ்கார்.

மறு ஆண்டு, 1949 ஜூனில், சார்லட் நகரில் மாற்றம் செய்யாத கார்களுக்கான முதல் பந்தயம் நடந்தது. முதலில் வந்த கிளென் டனவேயின் காரைப் பரிசோதித்தபோது பின் ஸ்பிரிங்குகளில் கைவைத்திருப்பது தெரிந்தது. சாராயப் பாரம் தாங்குவதற்குச் செய்த வேலை அது. அவரைத் தகுதிநீக்கம் செய்து, இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பருக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். பந்தயம் ஓட்டுநருடைய கையில் மட்டும் இல்லை, பானெட்டுக்கும் சேசிஸுக்கும் உள்ளே வேலை செய்த கையிலும் இருக்கிறது என்பதற்கு அந்த ஸ்பிரிங்கே முதல் சாட்சி.

வெளிநாட்டுக் கார் அந்தப் பந்தயத்தை வென்றதும் சீக்கிரமே நடந்துவிட்டது. 1954 ஜூன் 13-ல் நியூஜெர்சி மாநிலத்தின் லிண்டன் விமானத் தளத்தில், ஓடுபாதையையே தடமாக்கி ஒரு பந்தயம் வைத்தார்கள். எம்.ஜி., போர்ஷே, ஆஸ்டின் ஹீலி என்று ஐரோப்பியக் கார்கள் வந்து நின்றன. அல் கெல்லர் ஓட்டிய ஜாகுவார் எக்ஸ்.கே. 120 முதலில் வந்தது. அந்தக் காரின் உரிமையாளர் பால் வைட்மேன் என்ற இசைக்குழுத் தலைவர். அதற்குப் பிறகு நாஸ்காரின் முதல் நிலைப் பந்தயத்தில் இன்னொரு வெளிநாட்டு நிறுவனத்தின் கார் வெல்வதற்கு 54 ஆண்டுகள் ஆயின.

ஒட்டன்சத்திரம், காய்கறிச் சந்தைக்காக விடிவதற்கு முன்பே விழித்துவிடும் ஊர். முருங்கைக்காய்க் கட்டுகளும் தக்காளிப் பெட்டிகளும் சின்ன வெங்காய மூட்டைகளும் ஏற்றிய பிக்கப் வண்டிகள் சாலையின் பாதியை அடைத்து நின்றன. பெரும்பாலானவை கேரளத்துக்குப் போகும் சரக்கு. ஒரு பொலிரோ பிக்கப் பின்பக்கமாக நகர்ந்து, மாருதிக்கு வழிவிட்டது.

"இந்த மாதிரி பிக்கப்ப வச்சுக்கூட அமெரிக்காவுல ரேஸ் விடுறாங்க மாமா. நம்ம கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் அதுல ஓட்டியிருக்காரு."

பையன் சொன்னது நரேன் கார்த்திகேயனை. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் என்று அவரை எல்லோருக்கும் தெரியும். 2005-ல் ஜோர்டான் அணிக்காக அவர் ஓட்டிய காரில் இருந்தது டொயோட்டா இன்ஜின். அந்த ஆண்டு அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் தடத்தில், டயர்ப் பிரச்சினையால் பெரும்பாலான அணிகள் விலகிக்கொள்ள, ஓடிய ஆறு கார்களில் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் எடுத்தார். பலருக்குத் தெரியாத பக்கம் இன்னொன்று. 2010-ல் அவர் நாஸ்காரின் டிரக் தொடருக்குப் போனார். மார்ச் 27-ல் வர்ஜீனியா மாநிலத்து மார்ட்டின்ஸ்வில் தடத்தில் முதல் பந்தயம். ஒரு கிலோமீட்டர்கூட நீளமில்லாத, இரண்டு முனையிலும் இறுக்கமாக வளையும் சிறிய தடம். இந்தியாவில் பிறந்து நாஸ்காரில் ஓட்டிய முதல் ஆள் என்ற பெயரோடு இறங்கி 13-ஆவதாக முடித்தார். அந்த ஆண்டின் இறுதியில், டிரக் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநராக ரசிகர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சத்திரப்பட்டியையும் கொய்யாவுக்குப் பேர்போன ஆயக்குடியையும் கடந்து பழனிக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. மலையை நோக்கிக் காரிலிருந்தபடியே கும்பிட்டுவிட்டு, சாலையோரக் கடையில் இட்லிக்கு உட்கார்ந்தார்கள். மீதிக் கதையைப் பையன் அங்கேதான் சொன்னான். மாமா மிக உன்னிப்பாகக் கேட்டதும் அந்தப் பகுதியைத்தான்.

டொயோட்டா நாஸ்காருக்குள் ஒரே நாளில் நுழைந்துவிடவில்லை. 2000-ல் கீழ்மட்டச் சிறு கார் தொடர் ஒன்றில் தொடங்கியது. 2004-ல் டண்ட்ரா பிக்கப்போடு டிரக் தொடருக்கு ஏறியது. 2007-ல்தான் கேம்ரியோடு முதல் நிலைத் தொடருக்கு வந்தது. எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பணத்தைக் கொட்டிப் பந்தயத்தையே விலைக்கு வாங்கிவிடுவார்கள் என்று அணி முதலாளிகள் சிலர் வெளிப்படையாகவே கவலைப்பட்டார்கள். அமெரிக்கப் பந்தயத்தில் ஜப்பான்காரனுக்கு என்ன வேலை என்று கேட்ட ரசிகர்களும் இருந்தார்கள்.

ஆனால் அந்த ஆண்டு தடத்தில் நின்ற வண்டிகளின் பிறப்பிடத்தைப் பார்த்தால் கதை தலைகீழ். ஃபோர்டு பெயரில் ஓடிய ஃப்யூஷன், மெக்சிகோவில் தயாரான கார். செவ்ரோலெட் இம்பாலாவும் டாட்ஜ் சார்ஜரும் கனடாவில் தயாரானவை. ஜப்பானியக் கார் என்று ஒதுக்கப்பட்ட கேம்ரியோ 1988 முதல் கென்டக்கி மாநிலத்து ஜார்ஜ்டவுன் ஆலையில் அமெரிக்கத் தொழிலாளிகள் செய்துகொண்டிருந்த வண்டி.

இன்ஜின் விஷயம் இன்னும் சுவையானது. நாஸ்காரின் விதிப்படி புஷ் ராடு வைத்த வி-8 இன்ஜின் வேண்டும். அப்போது கார்புரேட்டரும் கட்டாயம். டொயோட்டாவின் ஷோரூமில் அப்படி ஒரு இன்ஜினே கிடையாது. பந்தயத்துக்காகவே கலிபோர்னியாவில் தனியாக ஒன்றைச் செய்தார்கள்.

"புஷ் ராடா? நம்ம அம்பாசிடர்ல இருந்துச்சே, அதுவா?"

"அதே தத்துவம்தான் மாமா."

மாமா இட்லியை விட்டுவிட்டுச் சிரித்தார். பழைய அம்பாசிடர் இன்ஜினின் டேப்பட்டை எத்தனை நூறு முறை சரிசெய்திருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை. உலகத்தின் பெரிய கார் கம்பெனி ஒன்று, அமெரிக்கப் பந்தயத்தின் வாசலில் நுழைய வேண்டுமென்று, அந்தப் பழைய முறையைப் படித்துக்கொண்டு போய் நின்றது அவருக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

முதல் ஆண்டில் ஒரு வெற்றிகூட இல்லை. 2008-ல் ஜோ கிப்ஸ் அணி செவ்ரோலெட்டிலிருந்து டொயோட்டாவுக்கு மாறியது. மார்ச் 9-ல் அட்லாண்டாவில் அந்த அணியின் ஓட்டுநர் கைல் புஷ் வென்றார். 2015-ல் சாம்பியன் பட்டமும் அவருக்கே. 2016-ல் டெனி ஹாம்லின் டேடோனா 500 பந்தயத்தை டொயோட்டாவுக்கு முதன்முறையாக வென்று கொடுத்தார். ஓட்டியவர்களும் அணி நடத்தியவர்களும் பந்தய நடுவில் கார் நின்று போகும் பிட்டில் சக்கரம் மாற்றியவர்களும் உள்ளூர் ஆட்கள். வந்தவன் வந்த ஊரின் விதிக்கு உட்பட்டான், அந்த ஊர்க் கைகளை நம்பினான், அதனால் நிலைத்தான்.

பழனியைக் கடந்து மடத்துக்குளத்தில் அமராவதி ஆற்றைத் தாண்டினால் மண்ணின் நிறம் மாறுகிறது. உடுமலை, பொள்ளாச்சி வட்டாரம் ரேக்ளாவுக்குப் பேர்போனது. காங்கேயம் காளைகளைப் பூட்டிய சிறு வண்டி, 200 மீட்டர் அல்லது 300 மீட்டர் தூரத்தை எத்தனை விநாடியில் கடக்கிறது என்று பார்ப்பார்கள். காளையின் பல்லைப் பார்த்து வயது கணித்துப் பிரிவு ஒதுக்குவார்கள். மதுரை, தேனிப் பக்கம் அதே பந்தயம் தார்ச்சாலையில் மைல் கணக்கில் ஓடும். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று பிரிவுகளுக்குப் பெயர் வைத்த அழகைப் பாருங்கள். மாட்டுக்குத் தீனி போட்டு, லாடம் அடித்து, ஓட்டப் பழக்கிய ஆள்தான் அங்கே பாதி வெற்றிக்குச் சொந்தக்காரர். 2014-ல் உச்ச நீதிமன்றத் தடையால் நின்றுபோன இந்தப் பந்தயங்கள் 2017-ன் தமிழ்நாட்டுச் சட்டத்துக்குப் பின் மீண்டும் நடக்கின்றன. அந்தச் சட்டம் செல்லும் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வீட்டுத் தொழுவத்து மாட்டை வைத்து விடும் பந்தயமும், ஷோரூமில் ஸ்டாக் இருக்கும் காரை வைத்து விடும் பந்தயமும் ஒரே வேரிலிருந்து வந்தவை. தன் வீட்டில் இருப்பது எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்கும் ஆசை அது.

பொள்ளாச்சியை விட்டு வடக்கே திரும்பியதும் பாலக்காட்டுக் கணவாயின் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. தென்னந்தோப்புகள், தூரத்தில் காற்றாலைகள், கிணத்துக்கடவு, ஒத்தக்கால்மண்டபம். அங்கிருந்து கிழக்கே பிரியும் சாலையில் செட்டிபாளையம். தடம் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் ஓசை கேட்டுவிட்டது. பையன் ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கினான்.

தமிழ்நாட்டில் கார் பந்தயமும் லிண்டன் போலவே ஓடுபாதையில்தான் வளர்ந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று கிடந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ஆண்டுதோறும் பந்தயம் நடத்தியது. போர் விட்டுச்சென்ற சிமென்ட் தளத்தில் வெளிநாட்டுக் கார்களும், நம் ஊர் ஃபியட்டும் அம்பாசிடரும் ஹெரால்டும் சீறின. எண்பதுகளில் பெங்களூர் சிபானி நிறுவனத்தின் டால்ஃபின் பந்தயக்காரர்களுக்குப் பிடித்த வண்டியானது. பிரிட்டனின் ரிலையன்ட் கிட்டன் காரை ஒட்டிச் செய்த, ஃபைபர் உடம்பு கொண்ட மிக லேசான கார் அது. இங்கே பந்தயத்துக்கு வந்த அயல்நாட்டு வண்டிகள் பலவும் இப்படி நம் பட்டறைகளுக்குள் புகுந்து வெளியே வந்தவைதான்.

அந்தச் சோழவரத்தில் ஓட்டியவர்களில் ஒருவர் கோவையின் மில் குடும்பத்தைச் சேர்ந்த எஸ்.கரிவரதன். காரை ஓட்டியதோடு அவர் நிற்கவில்லை. கழற்றினார், வரைந்தார், செய்தார். 1983 டிசம்பரில் சுஸுகியின் கூட்டுடன் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. இன்ஜின். குடும்பத்தோடு கோயிலுக்குப் போவதற்கான வண்டி என்று நாடு அதைப் பார்த்தபோது, அந்த இன்ஜினைப் பிடுங்கி ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் வைத்துப் பார்த்தார் கரிவரதன். 1988-ல் ஃபார்முலா மாருதி பிறந்தது. ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை, எந்த ஊர் உதிரி பாகக் கடையிலும் சாமான் கிடைக்கும் இன்ஜினோடு உள்ளூரிலேயே செய்ய முடிந்தது. நரேன் கார்த்திகேயன், கருண் சந்தோக் ஆகிய ஓட்டுநர்கள் பந்தயம் பழகியது அந்த வண்டியில்தான். நடிகர் அஜித்குமாரும் அதில் ஓட்டியவரே.

கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரைத் தாங்கிய 2.1 கி.மீ. தடம் செட்டிபாளையத்தில் 2003-ல் திறக்கப்பட்டது.

பந்தய ஞாயிறு என்பதால் பார்வையாளர் பகுதியில் கூட்டம் இருந்தது. கல்லூரிப் பையன்கள், குழந்தையைத் தோளில் தூக்கி வந்த அப்பாக்கள், கையில் முறுக்குப் பொட்டலத்தோடு நடுத்தர வயதுப் பெண்கள். தடத்தில் எல்.ஜி.பி. ஃபார்முலா 4 கார்கள் அணிவகுத்தன. சங்கிலி தயாரிக்கும் கோவை நிறுவனத்தின் பெயர்; உள்ளே இருப்பது மாருதி ஸ்விஃப்ட்டின் இன்ஜின். சிவப்பு விளக்குகள் அணைந்ததும் இருபது வண்டிகள் போல ஒரே மூச்சில் பாய்ந்தன. முதல் வளைவில் இரண்டு சக்கரங்கள் உரசி நீலப்புகை எழுந்தது. அடுத்த சுற்றில் அதே இடத்தில் டயரிலிருந்து உதிர்ந்த ரப்பர், நல்ல மிளகு அளவுக்கு உருண்டைகளாகத் தடத்தின் ஓரம் ஒதுங்கிக் கிடந்தது. ஓட்டுநர்கள் அதன்மேல் சக்கரம் ஏறாமல் விலகி ஓட்டினார்கள்.

பந்தயம் முடிந்ததும் மாமா பிட் பக்கமாக எட்ட நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். இருபத்தைந்து வயதுகூட ஆகாத ஒரு மெக்கானிக், சூடு ஆறாத இன்ஜினிலிருந்து பிளக்கைக் கழற்றி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முனையில் காபித்தூள் நிறம் என்றால் எரிபொருளும் காற்றும் சரியாகக் கலக்கின்றன. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் குறைவு, இன்ஜினுக்கு ஆபத்து. லேப்டாப்பில் எல்லாக் கணக்கும் ஓடும் காலத்திலும் அவன் பிளக்கைக் கண்ணால் பார்க்காமல் விடவில்லை.

"அந்தத் தம்பி எந்த ஊரா இருக்கும்?" என்று கேட்டார் மாமா. பையனுக்குத் தெரியவில்லை. "நம்ம ஊராக்கூட இருக்கலாம்ல?" என்றார்.

இந்த இடத்தில் வெளிநாட்டு நிறுவனங்கள் நேரடியாக வந்த கதையைச் சொல்ல வேண்டும். 2010-ல் ஃபோக்ஸ்வாகன் போலோ கோப்பையைத் தொடங்கியது. புணேயை அடுத்த சாக்கன் ஆலையில் போலோ தயாராகத் தொடங்கிய சமயம் அது. எல்லோருக்கும் ஒரே மாதிரி கார். நிறுவனத்தின் தொழில்நுட்பக் குழுவே வண்டியைத் தயார்செய்து நிறுத்தும். ஓட்டுநர் ஹெல்மெட்டோடு வந்தால் போதும். பின்னர் வென்ட்டோ, அமியோ என்று வண்டி மாறினாலும் முறை மாறவில்லை. அதன் பின்னாலேயே டொயோட்டாவும் வந்தது. எட்டியோஸ் மோட்டார் ரேஸிங் என்று அறிவித்தபோது ஓட்டுநராக விரும்பி ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள். 2012-ல் கண்காட்சிப் பந்தயங்கள், 2013-ல் கோப்பை. பிறகு அந்தத் தொடர் நின்றுபோனது.

இவற்றால் நன்மை இல்லை என்று சொல்வது நியாயமாகாது. வண்டிகள் ஒன்றுபோல் இருக்கும்போது ஓட்டுநரின் திறமை பளிச்சென்று தெரியும். பணக்கார வீட்டுப் பிள்ளையின் விலையுயர்ந்த இன்ஜின் முன்னே ஓடிவிடும் என்ற ஏற்றத்தாழ்வு குறையும். தகவல் பதிவுக் கருவியை வைத்து எந்த வளைவில் எத்தனை மீட்டர் முன்னால் பிரேக் பிடித்தோம் என்று படிக்க இளம் ஓட்டுநர்களுக்கு அவை கற்றுக்கொடுத்தன.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே தயாரிப்புப் பந்தயங்களில் இன்ஜினுக்குக் கம்பி கட்டி சீல் வைப்பது உலக வழக்கம். சீல் அறுந்தால் புள்ளி போகும். நியாயமான போட்டிக்கு அது தேவைதான். ஆனால் எல்லாக் கதவும் சீல் வைத்த கதவாகவே இருந்தால், ஸ்பேனர் பிடித்தவனுக்கு அங்கே இடம் இல்லை. நிறுவனம் கடையைக் கட்டிக்கொண்டு போகும்போது ஊரில் எந்தக் கைத்தொழிலும் மிஞ்சாது. கரிவரதன் சுஸுகி இன்ஜினை வைத்துச் செய்தது இதற்கு நேர் எதிரானது. அவர் மூடியைத் திறந்தார். பந்தயக் கார் செய்யும் வேலையும் அதைப் பராமரிக்கும் கைகளும் கோவையில் இன்றுவரை இருப்பதற்கு அந்தத் திறப்பே வேர்.

திறந்த கதவுக்கு இன்னொரு சான்று சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. 1990-ல் அங்கே பந்தயத் தடம் அமைந்தது. அதே ஊரில்தான் கொரியாவின் ஹூண்டாய் ஆலையும் எழுந்தது. 1998-ல் முதல் சான்ட்ரோ அங்கிருந்து வெளிவந்தது. அந்தத் தடத்தின் தேசியப் போட்டிகளில் இந்தியன் டூரிங் கார், ஜூனியர் டூரிங் கார், சூப்பர் ஸ்டாக் என்று பிரிவுகள் உண்டு. ஒரு காலத்தில் மாருதி எஸ்டீம் கோலோச்சிய அந்தப் பிரிவுகளுக்குள் ஹோண்டா சிட்டி வந்தது, போலோ வந்தது, எட்டியோஸும் வந்தது. கோப்பைகளின் ஆரவாரம் அடங்கிய பிறகும், உள்ளூர் டியூனர்கள் கைபட்டு அந்தக் கார்கள் புது வேகம் கண்டன. விதிக்கு உட்பட்டு சிலிண்டர் ஹெட்டில் வேலை செய்யலாம், சஸ்பென்ஷனை மாற்றலாம், எடையைக் குறைக்கலாம். நம் ஊரின் உண்மையான ஸ்டாக் கார் பந்தயம் அதுதான். அந்தக் கார்களில் பெரும்பாலானவற்றின் முத்திரை அயல்நாட்டுடையது. அவற்றை வேகமாக்கிய மூளை சென்னையிலும் கோவையிலும் இருக்கிறது.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. தெருத் தடத்தில் இரவுப் பந்தயமே நடந்தது. அதில் ஓடிய ஃபார்முலா 4 கார்களின் சேசிஸ் பிரான்சின் மைகேல் நிறுவனத்துடையது. இன்ஜினும் பிரான்சின் ஆல்பைன். விளக்கொளியில் அந்தக் காட்சி கண்ணைப் பறித்தது. அந்தக் கார்கள் போன்ற ஒன்றை நம் பாலிடெக்னிக்குகளில் ஒரு மாணவன் கழற்றி மாட்டிப் பார்க்கும் நாள் வந்தால்தான் அந்த விளக்கொளி திண்டுக்கல் வரை எட்டும்.

மாலை நான்கு மணிக்குத் திரும்பிப் புறப்பட்டார்கள். வரும்போது மாமா அதிகம் பேசவில்லை. உடுமலையில் டீக்கு நிறுத்தியபோது மட்டும் சொன்னார்: "பூட்டு கை விட்டுப் போனதுக்கு வெளியூர்ச் சரக்கு மட்டும் காரணம் இல்ல மாப்ளே. நம்ம ஆளுக புது மிஷினத் தொட்டுப் பாக்க யாரும் வழி செய்யல. தொட விட்டிருந்தா அதையும் கத்திருப்பாங்க." பையன் பதில் சொல்லவில்லை. திண்டுக்கல் மலைக்கோட்டை மீண்டும் கண்ணில் பட்டபோது இரவு எட்டு மணிக்கு மேல் ஆகியிருந்தது. 800 ஒரு முறைகூட முனகவில்லை.

தமிழ்நாட்டில் ஆலை வைத்துக் கார் செய்யும் வெளிநாட்டு நிறுவனங்கள் பந்தயத்துக்குத் தாராளமாக வரட்டும். வரும்போது, சீல் வைத்த கோப்பை ஒன்று நடத்தினால், சீல் இல்லாத பிரிவு ஒன்றையும் கூடவே நடத்தட்டும். ஆண்டுக்கு ஒரு பந்தய இன்ஜினையாவது திண்டுக்கல், கரூர், தேனி போன்ற ஊர்களின் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் கொடுத்து, பிரித்துப் படிக்கச் சொல்லட்டும். தேசியப் போட்டிகளை நடத்தும் அமைப்புகள், ஓட்டுநருக்குத் தேர்வு வைப்பதுபோல மெக்கானிக்குக்கும் ஒரு தேர்வு வைத்து, வென்றவரை அணிகளில் சேர்க்கட்டும். செட்டிபாளையம் திண்டுக்கல்லிலிருந்து நான்கு மணி நேரம்தான். பிள்ளைகளை ஒரு பந்தய ஞாயிறு அங்கே அழைத்துப் போங்கள்; வண்டி ஓடுவதைப் பார்த்த பிறகு, பிட் பக்கம் நின்று பிளக்கைக் கழற்றுவதையும் காட்டுங்கள்.